மிதமான குளிரும் மோட்டார் சைக்கிளும்

நேயர்களுக்கு வணக்கம்.

பனி உறையும் ஊர்களில் குளிர்காலம் வந்தால் பைக்கை மூடி வைத்துவிட்டு, வெயில் திரும்பிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள். மிதமான குளிர் அடிக்கும் ஊர்களில் அப்படி நிறுத்தவும் மனம் வராது, காலைப் பனியில் எடுக்கவும் மனம் வராது. அவசரத்துக்குத் தெருமுனைவரை ஓர் ஓட்டம், அப்புறம் நாலைந்து நாள் சும்மா. என்னைக் கேட்டால், கடுங்குளிரைவிட இந்த அரைகுறை ஓட்டம்தான் எஞ்சினுக்குக் கேடு.

காரணம் ஈரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த காலையில் சைலன்சர் முனையில் வெள்ளையாய்ப் புகைந்து, சொட்டுச் சொட்டாய் நீர் விழுவது அதுதான். கொஞ்சம் நீராவி பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயில் இருக்கும் இடத்துக்கும் இறங்கி நீராய்ப் படியும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஆயிலுக்கு அந்தச் சூடு ஏறாது. ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும், சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாலேடு மாதிரி வெளுத்த நுரை ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு, அரை மணி நேரமாவது நிற்காமல் ஓட்டி வந்து மறுபடி பாருங்கள். திரும்ப வராவிட்டால் அது வெறும் குளிர்கால ஈரம்தான். எஞ்சினைக் குளிர்விக்கக் கூலன்ட் என்ற திரவம் ஊற்றும் வண்டியில், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் நுரை வந்து, கூலன்ட் அளவும் இறங்கிக்கொண்டே போனால், தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆகவே வாரம் ஒரு தடவையாவது அப்படி நீளமாக ஓட்டிவிடுங்கள். முடியாத வாரத்தில் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடுங்கள். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. அதில் ஆயிலும் சூடேறாது, செல்ஃப் மோட்டார் இழுத்த மின்சாரமும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது.

பேட்டரிக்கும் குளிரில் இரட்டைச் சுமை. உள்ளே நடக்கும் ரசாயன வினை மந்தமாகிறது. அதே சமயம் ஆயில் கெட்டிப்படுவதால் எஞ்சினைச் சுற்ற அதிக சக்தி தேவைப்படுகிறது. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திய பின் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பேட்டரியைப் பாருங்கள். வழக்கமான 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருப்பது நல்லது. 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட்டுவிடுங்கள். அப்படியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் வராது. அலாரம், ஜிபிஎஸ் மாட்டிய வண்டிகளை அடிக்கடி கவனிக்க வேண்டும். அவை நிற்கும்போதும் மின்சாரம் இழுக்கும்.

டயர் காற்றை ஓட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால், 30 பி.எஸ்.ஐ. வைத்த டயரில் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். பஞ்சரே இல்லாமல் வளைவில் வண்டி கனமாகத் திரும்பினால் முதலில் இதைப் பாருங்கள்.

மூடி வைக்க, காற்றுப் புகும் துணி உறைதான் நல்லது. பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினால் தரையிலிருந்து வரும் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும்.

கடைசியாக, செயின். பனியில் நனைந்த செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓட்டி வந்ததும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்து, செயினுக்கான மசகு எண்ணெய் (லூப்) அடியுங்கள். டயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயின் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். துணியோடு விரலும் ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரத்துக்குள் போய்விடும். எஞ்சினை அணைத்து, நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி துடைத்தாலே போதும்.

நன்றி, வணக்கம்.