பெட்டியைத் திறக்க ஒரு விழா வேண்டும்

(வெள்ளவத்தையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்பட, தொலைக்காட்சி ஆவணக் காப்பகம் 1988இல் ஒரு விழாவைத் தொடங்கியது. புதுப்படம் எதுவும் கிடையாது. கெட்டுப்போகாமல் காத்த படங்கள், கெட்டுப்போன பின் மீட்ட படங்கள், பழைய செய்திச்சுருள், கார்ட்டூன், தொலைக்காட்சி நிகழ்ச்சி, இவைதான் எல்லாம். இத்தாலியின் பொலோஞா நகரில் இப்படியொரு விழா 1986இலேயே தொடங்கிவிட்டது. அங்கே கோடைகால இரவில் நகரச் சதுக்கத்தில் திரை கட்டுவார்கள். ஊர்ச்சனம் வந்திருந்து பார்க்கும்.

பழைய படத்துக்கு எதற்கு விழா, யூடியூபில் பார்க்கலாமே என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். யூடியூபில் ஏறுவதற்கு முதலில் யாராவது பிலிம் சுருள் கிடக்கும் பெட்டியைத் திறக்க வேண்டுமே! ஆடிவேல் வருகிறது என்றால்தான் தேரை வெளியே இழுத்து அச்சும் சில்லும் பார்க்கிறோம். படமும் அப்படித்தான். திகதி குறித்து, மண்டபம் பிடித்து, ஆட்களையும் கூப்பிட்டுவிட்டால் காப்பகக்காரருக்கு வேறு வழியில்லை, திறந்தே ஆக வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான காரணங்கள்.

பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது வினாகிரி வாசம். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். சுருள் சுருங்கும், விளிம்பு அலையலையாக நெளியும், ஓரத்துளைகள் புரொஜெக்டரின் பல்லில் பொருந்தாது. கொழும்பின் வெக்கையும் கடற்காற்றும் இதற்கு வாய்ப்பான இடம். குளிரூட்டி வைத்தால் மட்டும் போதாது, ஈரமும் குறைய வேண்டும். மின்கட்டணம் கட்ட முடியாமல் குளிரூட்டியை இரவில் நிறுத்திக் காலையில் போடுகிற காப்பறை, பிலிமுக்குப் பாதுகாப்பே அல்ல.

அப்புறம்தான் மீட்பு வேலை. 35 மில்லிமீற்றர் படம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும், செக்கனுக்கு 24 சட்டகம். இரண்டு மணிநேரப் படமென்றால் 1,72,800 சட்டகங்கள். கையுறை போட்ட கையால் விளிம்பைத் தடவித் தடவி, கிழிந்த துளையை ஒட்டி, கழுவி, ஒவ்வொரு சட்டகமாக ஸ்கான் பண்ண வேண்டும். ஒரு பிரின்டில் அறுந்துபோன காட்சி இன்னொரு பிரின்டில் இருந்தால் அதிலிருந்து எடுத்துச் சேர்ப்பார்கள். கீறலைத் துடைக்கலாம், சரி. ஆனால் துடைக்கிற ஆர்வத்தில் பிலிமுக்கே உரிய மணித்தன்மையை, அந்தப் பொடிப்பொடியான புள்ளித் தோற்றத்தையும் சேர்த்துத் துடைத்து, நேற்று எடுத்த டிஜிட்டல் படம் போல ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை.

இலங்கைப் படங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ மீட்கப்பட்டு 2013இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமயி’ 2025இல் கான் விழாவுக்குப் போனது; மும்பையின் பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் அதில் பெரும் பங்கெடுத்தது. மகிழ்ச்சி. மனந்திறந்து கைதட்டுகிறேன்.

எங்கள் தமிழ்ப்படங்களுக்கு? இத்தனைக்கும், 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுணு பொறொந்துவ’வின் தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் ஒரு தமிழர். 1977இல் ‘பொன்மணி’யைத் தமிழில் எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். அடுத்த வருடம் செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ படமாக வந்தது. கொடுக்கல் வாங்கல் அப்படி இருந்த ஊர் இது. 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் தமிழ்த் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். பிலிம் சுருள்களும் அதோடு எரிந்தன. வினாகிரி வாசம் வர வருடக்கணக்கு ஆகும். தீக்கு ஓர் இரவு போதும்.

தொலைக்காட்சியின் கதை இன்னும் மோசம். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. வீடியோ நாடா அந்நாளில் விலைகூடியது, அழித்துவிட்டு மேலே பதியவும் முடியும். உலகம் முழுக்க அதைத்தான் செய்தார்கள், பிபிசி உட்பட. அங்கே தொலைந்த நிகழ்ச்சிகள் சிலவற்றின் ஒலி, வீட்டில் ரேப் ரெக்கோடரை முன்னால் வைத்துப் பதிந்த பார்வையாளர்களிடமிருந்தே திரும்பக் கிடைத்தது. எங்கள் தமிழ் நாடகங்களும் நேர்காணல்களும் உங்கள் வீட்டு அலுமாரியில், கலியாண வீட்டுக் கசற்றுகளுக்கு நடுவே இருந்தாலும் இருக்கும்.

ஆகவே என் யோசனை: ஒரு சனி, ஞாயிறு போதும். பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு தமிழ்ப்படம், அதே காலத்துச் சிங்களப்படம் ஒன்று, நடுவில் அரைமணி நேரம் பழைய தொலைக்காட்சி. தமிழ்ப்படத்துக்குச் சிங்களத்திலும் சிங்களப்படத்துக்குத் தமிழிலும் உபதலைப்பு. வாசலில் ஒரு மேசை போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவரும் கசற்றுகளைப் பெயரெழுதிப் பதிந்து வாங்குவோம். டிஜிட்டலில் பிரதி எடுத்தபின் மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்; அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் கொண்டுவரப் போவதில்லை.

அதுவரைக்கும் ஒன்று. வெள்ளைப் பூஞ்சை பிடித்த கசற்றை, ஓடுகிறதா பார்ப்போம் என்று பழைய டெக்கில் போட்டுவிடாதீர்கள், அக்காமார் அண்ணாமார். பூஞ்சை, நாடாவைப் படிக்கிற ஹெட்டை அடைக்கும், நாடா சிக்கிக் கிழியும், அடுத்துப் போடுகிற கசற்றிலும் ஒட்டும். அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.