காலிப் பெட்டியில ஒரு வார்த்தையாம்! ஜாவாஸ்கிரிப்ட் ஸ்பிளிட் பண்ண வேலை

வணக்கம் மக்களே! இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நேத்து ராத்திரியில இருந்து ஒரே ஒரு "ஒன்னு" என் தலைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது.

போன வீடியோல ஒரு பெட்டி கட்டினோம்ல? டைப் பண்ணப் பண்ண எத்தனை வார்த்தைன்னு கீழ காட்டும். எதையும் அழிச்சு அழிச்சுப் பார்க்கிற ஆளு நான், உங்களுக்கே தெரியும். நேத்தும் பெட்டியில இருந்த எல்லாத்தையும் அழிச்சேன். கீழ என்ன வரணும்? பூஜ்யம். வந்தது ஒன்னு. ஒரு எழுத்துகூட இல்லாத பெட்டியில ஒரு வார்த்தை இருக்காம்!

நாம போட்டிருந்தது சாதாரண ஸ்பிளிட், அதாவது ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) சொன்ன இடத்துல துண்டு துண்டா வெட்டுற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை. அடைப்புக்குறிக்குள்ள ஒரு ஸ்பேஸ். சரி, ஸ்பேஸால வருதோன்னு முன்னாடி ஒரு ட்ரிம் போட்டேன், ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற ஸ்பேஸை அது எடுத்துடும். ஒன்னு. ஸ்பேஸை எடுத்துட்டு ரெஜெக்ஸ் (எப்படிப்பட்ட எழுத்தைத் தேடணும்னு சொல்ற குறியீடு) போட்டேன், பேக்ஸ்லாஷ் எஸ் ப்ளஸ், அதாவது ஒன்னோ அதுக்கு மேலயோ ஸ்பேஸ். அப்பவும் ஒன்னு! பிரவுசரோட கன்சோல்ல அந்த அர்ரேயை, அதாவது துண்டுகளோட பட்டியலைத் திறந்து பார்த்தா, உள்ள ஒரு காலி ஸ்ட்ரிங் உட்கார்ந்திருக்கு. லெங்த் அதைத்தான் எண்ணுது.

காரணம் இதுதான். எந்த இடத்துல வெட்டணும்னு சொல்றோமோ அது ஸ்ட்ரிங்ல இல்லன்னா, ஸ்பிளிட் முழு ஸ்ட்ரிங்கையும் ஒரே துண்டா நம்ம கையில குடுத்துடும். காலி ஸ்ட்ரிங்கைக் குடுத்தா, அந்தக் காலியே ஒரு துண்டு. அதனோட கணக்கு சரிதான், நம்ம வேலைக்குத்தான் அது உதவாது. "அம்மா"வுக்கும் "வந்தாள்"க்கும் நடுவுல ரெண்டு ஸ்பேஸ் விழுந்துட்டாலும், வெறும் ஸ்பேஸ் போட்ட ஸ்பிளிட்ல இதே மாதிரி கதைதான். நடுவுல ஒரு காலித் துண்டு, மொத்தம் மூணு வார்த்தைன்னு காட்டும்.

அப்புறம்தான் யோசனையையே மாத்தினேன். எங்க வெட்டணும்னு சொல்றதை விட்டுட்டு, எதை எடுக்கணும்னு சொன்னா என்ன? ஸ்பிளிட்டைத் தூக்கிட்டு மேட்ச் போட்டேன். உள்ள பேக்ஸ்லாஷ், பெரிய எஸ் (ஸ்பேஸ் அல்லாத எதுவும்), ப்ளஸ், கடைசியில ஜி (முதல்ல கிடைச்சதோட நிக்காம எல்லாத்தையும் எடு). ஸ்பேஸ் இல்லாத துண்டுகளை மட்டும் பொறுக்கிக் குடு, அவ்வளவுதான். இப்ப பெட்டியை அழிச்சா எரர்! ஒன்னுமே கிடைக்கலன்னா மேட்ச் காலி அர்ரே குடுக்காது, நல் (null), அதாவது 'எதுவுமே இல்ல'ன்னு குடுக்கும். நல்லுக்கு ஏது லெங்த்? பின்னாடி ரெண்டு கேள்விக்குறி, ஒரு காலி அர்ரே சேர்த்தேன், நல் வந்தா அதுக்குப் பதிலா காலி அர்ரேயை எடுத்துக்கோன்னு. அழிச்சேன். பூஜ்யம்! நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டேன் மக்களே. திரும்பத் திரும்ப டைப் பண்ணி, அழிச்சு, அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அட, ஒன்னு விட்டுட்டேன். ட்ரிம் போட்டப்பவே சொல்லியிருக்கணும். வெப் பேஜ்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுறீங்கன்னா, நடுவுல பிரேக் ஆகாத ஸ்பேஸ் (வரி உடையாம பிடிச்சு வைக்கிறது) வரலாம். யூனிகோட்ல, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற முறையில, அதோட எண் யு ப்ளஸ் 00ஏ0. கண்ணுக்கு ஸ்பேஸ் மாதிரியேதான் இருக்கும், ஆனா ஸ்பேஸ் போட்டு ஸ்பிளிட் பண்ணா வெட்டாது. பேக்ஸ்லாஷ் எஸ் அதைப் பிடிச்சுடும். ஆனா அகலமே இல்லாத ஸ்பேஸ் இருக்கே, 200பி, அது பேக்ஸ்லாஷ் எஸ்ஸுக்கும் சிக்காது, ட்ரிம்முக்கும் சிக்காது. அதைத் தனியா ரிப்ளேஸ் பண்ணித்தான் ஆகணும்.

சரி, இப்ப எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம். நிறைய பேர் வார்த்தை பிரிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ சொல்லிக்குடுப்பாங்க. அது ஏ டு இஸட், எண்கள், அண்டர்ஸ்கோர், அவ்வளவுதான். "தமிழ்"னு குடுத்துப் பாருங்க, நல் வரும். நம்ம எழுத்து ஒன்னுகூட அதுக்கு எழுத்தே இல்ல! வார்த்தை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு பார்க்கிற பேக்ஸ்லாஷ் பி-யும் (b) அதை நம்பித்தான் நிக்குது, அதனால அதுவும் வேண்டாம். 2018ல யூனிகோட் ப்ராப்பர்ட்டி வந்துச்சு, எழுத்தோட வகையைச் சொல்லித் தேடுறது: பேக்ஸ்லாஷ் பி (இது p), நெளிவு அடைப்புக்குள்ள எல் (லெட்டர், அதாவது எழுத்து), கடைசியில யு. ஆசையா அதைப் போட்டேன். "தம"ன்னு ஒரு துண்டு, "ழ"ன்னு ஒரு துண்டு வந்து விழுந்துச்சு. இகரக் குறியும் புள்ளியும் யூனிகோட்ல எழுத்துக் கணக்குல வராது, மார்க் கணக்கு. எல் கூட மார்க்குக்கான எம்மையும் சேர்த்து ஒரே சதுர அடைப்புல போட்டாதான் "தமிழ்" முழுசா வரும். இது தெரியாம எத்தனை தேடுபெட்டியில நம்ம வார்த்தைங்க உடைஞ்சு கிடக்குதோ!

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சது, இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter), மொழிக்கு ஏத்த மாதிரி பிரிக்க ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்கிற கருவி. மொழி "டிஏ" (தமிழோட குறியீடு), கிரானுலாரிட்டி, அதாவது எந்த அளவு துண்டு வேணும்ங்கிறது, "வேர்ட்". ஒவ்வொரு துண்டோடயும் அது வார்த்தை மாதிரி இருக்கான்னு சொல்ற இஸ்வேர்ட்லைக்னு ஒன்னு வரும், அது ட்ரூவா இருக்கிறதை மட்டும் எடுத்துக்கலாம். "வந்தான் - போனான்"ல நடுவுல இருக்கிற கோட்டை என் மேட்ச் ஒரு வார்த்தைன்னு எண்ணுச்சு. இது எண்ணாது. ஜப்பானிய மொழி, தாய்லாந்து மொழி மாதிரி ஸ்பேஸ் விடாம எழுதுறதையும் பிரிச்சுக் குடுக்குது. குரோம்ல 2020லயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024 ஏப்ரல்லதான், 125ஆவது வெர்ஷன். அதனாலதான் இத்தனை நாளா வீடியோல இதை நான் தொடல.

ஸ்பிளிட்டுக்கு ஸ்பேஸுக்கு அப்புறம் ரெண்டாவதா ஒரு நம்பர் குடுக்கலாம், அதைப் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டுன்னு குடுத்தா முதல் ரெண்டு துண்டு வரும், மிச்சத்தை வீசிடும். பைத்தான் மொழியில எழுதிப் பழகி வர்றவங்க மிச்சம் கடைசித் துண்டுல இருக்கும்னு நினைப்பீங்க, இருக்காது. எனக்கு அது சுத்தமா பிடிக்காது, நான் தொடுறதே இல்ல.

இதோ, போன வீடியோல இருந்த வரியை அழிச்சுட்டு செக்மென்டரைப் போட்டாச்சு. "வந்தான் - போனான்". ரெண்டு. அழிக்கிறேன், பூஜ்யம். வார்த்தைக்குப் பதிலா எழுத்தா பிரிக்கணும்னா வேர்டுக்குப் பதில் கிராஃபீம் போடுங்க, அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தா தெரியறது ஒரு துண்டு. லெங்த் அஞ்சுன்னு சொல்ற "தமிழ்" அதுல மூணா வரும். "க்ஷ" மட்டும் க், ஷன்னு ரெண்டா உடையுது, அதை அடுத்த வீடியோல உட்கார்ந்து பார்ப்போம்.