ஊட்டிக் காற்றில் வட்டு ஏன் முன்னதாகவே விழுகிறது?

(காட்சி: ஊட்டி, காலை நேரம். மூடுபனி விலகாத மைதானம். ஒரு கல்லூரி மாணவி துண்டால் வட்டைத் துடைக்கிறார்.)

இந்த மாணவியின் கையில் இருப்பது 1 கிலோ எடையும் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட வட்டு. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் பெண்கள் எறிவதும் இதே வட்டுதான். விளிம்பில் பனியீரம் படிந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துவிட்டே எறிகிறார். வட்டை யாரும் இறுகப் பிடிப்பதில்லை. விரல்களின் கடைசிக் கணுக்கள் மட்டுமே விளிம்பில் படிந்திருக்கும்; உடல் சுழலும் வேகம்தான் வட்டைக் கையோடு ஒட்டி வைத்திருக்கும். ஆகவே சிறிது ஈரம் இருந்தாலும் அது வழுக்கிக்கொண்டு பக்கவாட்டு வலையில் போய் மோதிவிடும்.

(காட்சி: மெதுவான வேகத்தில் ஒரு முழு எறிதல்.)

2.5 மீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுழன்று, கடைசியாக ஆள்காட்டி விரலின் வழியே வட்டை விடுவிக்கிறார். அந்த விரல் தரும் சுழற்சி, பம்பரத்தைப் போல, வட்டைச் சாயாமல் காற்றில் நிலைநிறுத்துகிறது. வட்டு தரையைத் தொடும் வரை அவர் வளையத்தை விட்டு வெளியேறக் கூடாது; பிறகும் பின்பாதி வழியாகவே வெளியேற வேண்டும்.

மலையில் காற்று அடர்த்தி குறைவு, ஆகவே எறிந்த பொருள் கூடுதல் தூரம் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். குண்டு எறிதலில் அது ஓரளவு உண்மை. வட்டு எறிதலில் நடப்பது நேர்மாறானது.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரத்தில்தான் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தபோது, இத்தாலியின் பியெத்ரோ மென்னியா 200 மீட்டரை 19.72 விநாடிகளில் ஓடி, 1996 வரை நிலைத்த உலக சாதனையைப் படைத்தார். அடர்த்தி குறைந்த காற்று அவருக்கு வழிவிட்டது. அதே போட்டிகளின் பெண்கள் வட்டு எறிதலில் உலக சாதனை எதுவும் பிறக்கவில்லை.

(காட்சி: வட்டின் மேலும் கீழும் காற்று ஓடும் வரைபடம்.)

குண்டைப் போல வட்டு வெறுமனே விழுவதில்லை. அது ஒரு சிறகைப் போல மிதக்கிறது. எதிரே வரும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளினாலும் கூடவே கீழிருந்து தாங்கவும் செய்கிறது. தள்ளுவதால் வரும் இழப்பைவிடத் தாங்குவதால் வரும் ஆதாயமே பெரிது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் தாங்கும் விசையும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. பெண்களின் வட்டு இதைக் கூடுதலாகவே உணரும்: ஆண்களின் 2 கிலோ வட்டோடு ஒப்பிட்டால் அதன் எடை சரிபாதி, பரப்போ மூன்றில் இரண்டு பங்கு. அதாவது, ஒவ்வொரு கிராம் எடைக்கும் காற்று செய்யும் வேலை இங்கே அதிகம்.

இதனால்தான் மிதமான எதிர்க்காற்றை வட்டு எறிபவர்கள் வரவேற்கிறார்கள். வலது கையால் எறிபவருக்கு அது வலப்புற முன்பக்கத்திலிருந்து வீசினால் இன்னும் நல்லது. 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனை ஏற்கப்படாது; வட்டு எறிதலுக்கு அப்படியொரு வரம்பே கிடையாது. அமெரிக்காவின் வாலரி ஆல்மன் 2025இல் 73.52 மீட்டர் எறிந்த ரமோனா, ஓக்லஹோமா மாநிலத்தின் காற்று வீசும் சமவெளியில் இருக்கிறது. 1988இல் கிழக்கு ஜெர்மனியின் கேப்ரியேல ரைன்ஷ் எறிந்த 76.80 மீட்டர் உலக சாதனையை மட்டும் இன்னும் யாரும் தொடவில்லை.

அதே ஆல்மன் 2017இல் தைபேயில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் ஜெர்மனியின் கிறிஸ்டின் பூடென்ஸிடம் தோற்று வெள்ளி பெற்றவர். நான்கே ஆண்டுகளில், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆல்மன் தங்கமும் பூடென்ஸ் வெள்ளியும் வென்றார்கள். மாணவப் பருவத்தின் மேடை அவ்வளவு முக்கியமானது. அதில் ஏறும் வயது 18 முதல் 25 வரை மட்டுமே. அதனால்தான், மலையில் அளந்த தூரத்தை மட்டும் பார்த்து ஒரு பெண்ணை ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

(காட்சி: அளவு நாடா, நோட்டுப் புத்தகம்.)

ஊட்டி அரசு கலைக் கல்லூரி, கோவையின் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இங்கிருந்து கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் கோவைக்கு இறங்கும் மாணவி, சுமார் 410 மீட்டர் உயரத்தில், அடர்த்தியான காற்றில் எறிகிறார். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து பலத்த காற்றும் அங்கே வரும். அதை எதிர்கொள்ளும்போது வட்டின் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி எறிய வேண்டும். மலையில் பழகிய அதே சாய்வில் விட்டால் வட்டு மேலே எழும்பி, வேகமிழந்து, அங்கேயே விழுந்துவிடும். பயிற்றுநர்கள் நோட்டில் தூரத்துக்குப் பக்கத்தில் இடத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைக்க வேண்டும். வளையத்தருகே ஒரு குச்சியில் கட்டிய துணிக்கீற்று அந்தத் திசையைக் காட்டிவிடும்.