செய்தவர் பெயர்

(மதுரையில் உள்ளூர்க் கைவினைக் கூடம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஃபேன் சத்தத்தில் பின்னால் கேட்காது என்றார்கள், அதனால் உரக்கவே பேசுகிறேன். பின்வரிசையில் நிற்பவர்கள் பானை அடுக்கில் மட்டும் சாய்ந்துவிட வேண்டாம். போன மாதம் ஒருவர் சாய்ந்தார், மூன்று பானை போச்சு.

என்னை ஓவியர் என்று அறிமுகம் செய்தார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூந்தொட்டியும் மாம்பழமும் வரையச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓவிய வாத்தியார் என்றால் போதும். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் மூன்று நாள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விலைச்சீட்டு எழுதுவது என் வேலை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

அந்தச் சீட்டு விஷயமாகத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், எண்பது வயதிருக்கும், சௌராஷ்டிரப் பாட்டி ஒருவர் பேத்தியோடு வந்தார். அந்தக் கொடியில் ஒரு சுங்குடிச் சேலை தொங்கியது. 'மதுரைச் சுங்குடி, அசல்' என்று நானே எழுதி மாட்டியிருந்தேன். பாட்டி சேலையைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் ஒரு புள்ளியைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, இது கட்டுனது இல்லப்பா. அச்சு" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. கொடுத்தவர் அசல் என்று சொன்னார், நான் எழுதினேன், அவ்வளவுதான் நடந்தது. பாட்டி கோபப்படவில்லை. என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். துணியை மடித்துப் புள்ளி குறிப்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்து முனையால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதற்குப் பிறகுதான் சாயத்தில் முக்குவது. நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தால் படபடவென்று முடிச்சுகள் தெறிக்கும், உள்ளே வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கும். அந்தப் புள்ளி முழு வட்டமாக இருக்காது. ஒன்று சதுரம் மாதிரி, ஒன்று கோணல், நடுவில் சாயம் கசிந்த ஒரு பொட்டு. விரல் வைத்தால் கிள்ளிய சுருக்கம் தட்டுப்படும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, தடவினால் வழவழ. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்து நான்கு வயது ஆகியிருக்கிறது, அதுவும் மதுரையிலேயே பிறந்தவனுக்கு.

கிளம்பும்போது பாட்டி ஒன்று கேட்டார். "யாரு கட்டுனதுன்னு சீட்டுல எழுதியிருந்தா, அசலா இல்லையான்னு நான் ஏன் தடவிப் பாக்கப் போறேன்?"

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் அது ஊரின் பெயர். பாட்டி கேட்டது ஆளின் பெயரை. அன்றைக்கு ராத்திரி கூடத்திலிருந்த சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பொருளின் பெயர் இருந்தது, விலை இருந்தது, சிலவற்றில் 'தண்ணீர் படக்கூடாது' என்று இருந்தது. ஒன்றில்கூடச் செய்தவர் பெயர் இல்லை. எழுதியவன் நான்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இப்படிச் சீட்டு எழுதத் தேவையே இருந்ததில்லை. புரவி எடுப்பு பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண் எடுத்து, மண் குதிரை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். ஆர்டர், அட்வான்ஸ், ஒப்பந்தம் எல்லாம் அந்த ஒரு பிடி மண்தான். குதிரை சுட்டு வண்ணம் பூசிக் கண் திறந்த பிறகு ஊரே வந்து தூக்கிப் போய் அய்யனார் முன்னால் நிறுத்தும். யார் செய்த குதிரை என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அந்த வேளாருக்கு ஊரில் மரியாதை உண்டு.

அதே வேளார் செய்த குதிரை, ஒரு சாண் உயரத்தில், நம் கூடத்து அலமாரிக்கு வந்தால் 'மண் குதிரை' ஆகிவிடுகிறது. வாங்குகிறவருக்கு அவரைத் தெரியாது. தெரியாத இரண்டு பேர் சந்திக்கிற இடம் இது. தெரியவைக்கிற வேலை நம்முடையது.

விளாச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பரங்குன்றம் பக்கம், பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர். தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் பொம்மை காய்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல், மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டுக்கொட்டில், இடையர்கள், ஆட்டுக்குட்டி. எல்லாச் சாமிக்கும் ஒரே மண். முன்பாதி, பின்பாதி என்று அச்சில் தனித்தனியாக எடுத்து, மண்குழம்பு தடவி ஒட்டி, மூட்டு தெரியாமல் விரலால் வழித்துவிடுவார்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில்தான் ஆற வேண்டும். அகலுக்குக் கிராக்கி வருவது ஐப்பசி, கார்த்திகையில். மழையும் அப்போதுதான். ஈரம் காயாமல் சூளை வைக்க முடியாது. நாம் டஜன் என்ன விலை என்று பேரம் பேசும் அகல், அவர் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் அடுப்புப் பக்கத்திலும் காய்ந்து வந்ததாக இருக்கலாம்.

"அச்சில் எடுத்ததுக்கு எதற்கய்யா பெயர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அச்சு உடம்பைத்தான் கொடுக்கும். கண் எழுதுவது கை. ஒரே அச்சில் எடுத்த இரண்டு மீனாட்சியை அந்த மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், போகும்போது பாருங்கள். ஒருத்தி நம்மைப் பார்க்கிறாள், இன்னொருத்தி எங்கேயோ யோசனையாக இருக்கிறாள். எழுதியவர்கள் அக்காவும் தங்கையும்.

கீழடிக்குப் போயிருப்பீர்கள். 2023இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு நான் நான்கு தடவை போய்விட்டேன். பானை ஓட்டில் தமிழ் எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்றெல்லாம் கீறியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது, ஆகா, நம் ஆள் அந்தக் காலத்திலேயே செய்த பானையில் பெயர் போட்டிருக்கிறான் என்று பூரித்துப் போனேன். அப்புறம்தான் விளங்கியது: பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு கீறிய பெயர்கள், வைத்திருந்தவர்களுடையவையாக இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நம் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டுகிறோமே, அந்த வேலை! குயவர் விட்டுப்போனது சக்கரம் சுற்றும்போது உள்பக்கம் விழுந்த விரல் வரி மட்டும்தான். வாங்கியவன் பெயர் இரண்டாயிரம் வருஷம் தாண்டி வந்திருக்கிறது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே நினைப்பு.

விதிவிலக்கு உண்டு. மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினார். கடத்துக்கு வேண்டிய சுருதி, அந்த மண்ணின் கனத்திலும் சுவரைத் தட்டித் தட்டி எடுக்கும் பதத்திலும் இருக்கிறது. பிறகு முறுக்கிச் சரிசெய்ய அதில் ஆணியா இருக்கிறது? ஆனாலும் கச்சேரியில் வாசிப்பவர் பெயரைத்தான் மைக்கில் சொல்வார்கள்.

பெயர் போட்டால் வாங்குகிறவர்கள் நேரே அவர் வீட்டுக்கே போய்விடுவார்கள், கூடத்துக்கு வரவு குறையும் என்று நம் குழுவிலேயே பேச்சு வந்தது. போகட்டுமே. போனால் கூடம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு கேள்வி நியாயமானது: சுங்குடியில் புள்ளி குறித்தவர் ஒருவர், முடிச்சுப் போட்டவர்கள் நாலு வீட்டுப் பெண்கள், சாயம் போட்டவர் வேறொருவர். யார் பெயரைப் போடுவது? எல்லார் பெயரையும் போடுவோம். சீட்டு பத்தாது என்றார்கள், பெரிய சீட்டாக வெட்டியிருக்கிறேன்.

அந்த மேஜையில் வெள்ளைச் சீட்டுக் கட்டு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் பொருளுக்கு உங்கள் கையாலேயே எழுதுங்கள். என் அழகான கையெழுத்து இனிமேல் வேண்டாம். எழுத வராது என்பவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஒரு புள்ளி வைத்தாலும் சரி. விளாச்சேரிக்காரர்கள் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம், அவர்களை முதலில் எழுத விடுங்கள். பானை அடுக்கு, ஜாக்கிரதை.