கை-ஸ்கொயர் 92.2 வந்தும் முடிவு தப்பாச்சு! எஸ்பிஎஸ்எஸ்-ல எல்லாரும் தாண்டிப் போற அந்த ஒரு பாக்ஸ்

வணக்கம் மக்களே! நேரா நம்பருக்கே போயிடலாம்.

1973. அமெரிக்கால கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட பெர்க்லி கேம்பஸ். பிஜி, பிஎச்டி அட்மிஷன். பெரிய டிபார்ட்மென்ட் ஆறு மட்டும் எடுத்துக்கிட்டா, அப்ளை பண்ண பசங்க 2691 பேர், அதுல 1198 பேருக்கு சீட். அப்ளை பண்ண பொண்ணுங்க 1835 பேர், 557 பேருக்குத்தான் சீட். பசங்களுக்கு 44.5 சதவீதம், பொண்ணுங்களுக்கு 30.4 சதவீதம்.

இத பாத்தா என்ன தோணும்? பொண்ணுங்கள ஓரங்கட்டிட்டாங்கன்னுதான் தோணும். சரி, தோணுறது போதாது, டெஸ்ட் போடுவோம்னு, ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கான்னு பாக்குற கை-ஸ்கொயர் டெஸ்ட்ட போட்டா, 92.2 வருது. 3.84-அ தாண்டினாலே சிக்னிஃபிகன்ட், அதாவது சும்மா தற்செயலா வந்ததா தெரியலன்னு சொல்லிடுவோம், இங்க 92! பி வேல்யூ, அதாவது தொடர்பே இல்லன்னாலும் தற்செயலா இவ்ளோ வித்தியாசம் வர்றதுக்கான வாய்ப்பு, பூஜ்யத்துக்கு பக்கத்துல போய் ஒட்டிக்கிச்சு. நம்மள்ல பாதி பேர் இதோட தீசிஸ்ல சேப்டர் 4-அ முடிச்சு கைடுக்கு மெயில் போட்டுருப்போம்.

ஆனா அதே டேட்டாவ எஸ்பிஎஸ்எஸ்ன்ற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல, ஒரே ஒரு பாக்ஸ்ல இன்னொரு காலத்த, அதாவது டேபிளோட இன்னொரு பத்திய இழுத்துப் போட்டு திரும்ப ரன் பண்ணா கதையே வேற. அது என்ன பாக்ஸ், ஏன் அப்படி ஆகுது, அதுதான் இந்த வீடியோ. எம்பிஏ, நர்சிங், எம்எஸ்டபிள்யூ, பிஎச்டினு சர்வே எடுத்து அனாலிசிஸ் பண்ற எல்லாரும் தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் இருங்க, ஏன்னா வைவால கேக்குற கேள்வி இங்கதான் இருக்கு.

ஹிஸ்டரி ஒரே மூச்சுல சொல்லிடுறேன்: கார்ல் பியர்சன் 1900-ல இந்த டெஸ்ட்ட கொண்டு வந்தாரு, ரெண்டுக்கு ரெண்டு டேபிளுக்கு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமா மாறக்கூடிய கட்டங்களோட எண்ணிக்கை) 3-னு அவர் வச்சிருந்தத ஃபிஷர் 1922-ல, இல்ல அது 1-தான்னு திருத்தினாரு, அவ்ளோதான்.

இப்ப அந்த 92.2 எங்கேந்து வருதுன்னு பாக்கணும், இது தெரியாம பட்டன் அழுத்துறதுல பிரயோஜனமே இல்ல. மொத்தம் 4526 பேர், சீட் வாங்கினவங்க 1755 பேர், அதாவது 38.8 சதவீதம். ஆம்பள பொம்பளன்ற வித்தியாசமே இல்லாம சீட் குடுத்திருந்தா ரெண்டு பக்கமும் இதே 38.8 சதவீதம் வரணும், இல்லையா? அப்ப 2691 பசங்கள்ல சுமார் 1043.5 பேருக்கு கெடச்சிருக்கணும். இதுக்கு பேர்தான் எக்ஸ்பெக்டட் கவுன்ட். நெஜத்துல கெடச்சது 1198. வித்தியாசம் 154.5. அத ஸ்கொயர் பண்ணி 1043.5-ஆல வகுத்தா 22.9. இதே மாதிரி மிச்ச மூணு கட்டத்துக்கும் (சீட் கெடச்ச பொண்ணுங்க, கெடைக்காத பசங்க, கெடைக்காத பொண்ணுங்க) போட்டா 33.6, 14.5, 21.3 வரும், கூட்டினா ரவுண்டிங் போக 92.2. ரெண்டுக்கு ரெண்டு டேபிள்ல நாலு கட்டத்துலயும் வித்தியாசம் அதே 154.5-தான் வரும், ப்ளஸ் மைனஸ் மட்டும் மாறும், ஒரு தடவ பேனா பேப்பர் எடுத்து போட்டுப் பாருங்க, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் ஏன் 1-னு தானா புரிஞ்சிடும். அத மனப்பாடம் பண்ணவே வேணாம்.

சரி, சாஃப்ட்வேர் திறப்போம்.

[ஸ்க்ரீன்ல எஸ்பிஎஸ்எஸ் டேட்டா வியூ]

நாலு காலம் வச்சிருக்கேன். டிபார்ட்மென்ட், ஜென்டர், ரிசல்ட், கவுன்ட். டிபார்ட்மென்ட் ஆறு, ஜென்டர் ரெண்டு, ரிசல்ட் ரெண்டு, ஆக 24 வரிசை. 4526 பேரையும் தனித்தனியா டைப் பண்ணத் தேவையில்ல, எத்தன பேருன்ற நம்பர் கவுன்ட் காலத்துல இருக்கு. ஆனா அந்த காலம் என்னன்னு எஸ்பிஎஸ்எஸ்-க்கு நீங்கதான் சொல்லணும். மேல டேட்டா மெனு, கடைசில வெயிட் கேசஸ், அதுல கவுன்ட்ட உள்ள தள்ளி ஓகே குடுங்க.

இத மறந்தா என்ன ஆகும்னு இப்பவே காட்டுறேன், பாருங்க. வெயிட் போடாம ரன் பண்றேன்... கை-ஸ்கொயர் வேல்யூ 0. பி வேல்யூ 1. பாத்தீங்களா! ஒவ்வொரு கட்டத்துலயும் ஆறு ஆறு வரிசை இருக்கறதால மொத்தம் 24 பேர்தான்னு நெனச்சுக்கிட்டு, வித்தியாசமே இல்லன்னு சொல்லிடுச்சு. எர்ரர் மெசேஜ்னு ஒண்ணுமே வராது. அழகா டேபிள் வரும், அப்படியே காப்பி பண்ணி தீசிஸ்ல ஒட்டலாம், மொத்தமும் தப்பு. அதனால அவுட்புட்ல மொத்த எண்ணிக்கை எத்தனன்னு பாக்காம அடுத்த வரிக்கே போகாதீங்க.

அடுத்து அனலைஸ், டிஸ்க்ரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், க்ராஸ்டாப்ஸ். ரோ-ல ஜென்டர், காலம்-ல ரிசல்ட். வலது பக்கம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பட்டன்ல கை-ஸ்கொயர் டிக், கூடவே ஃபை அண்ட் க்ரேமர்ஸ் வி டிக். செல்ஸ் பட்டன்ல எக்ஸ்பெக்டட் டிக், ரோ பர்சன்டேஜ் டிக். ஓகே.

[அவுட்புட் டேபிள் ஸூம்]

முதல் வரி பியர்சன் கை-ஸ்கொயர், 92.2. கீழ, வேல்யூவ கொஞ்சம் கொறச்சுக் காட்டுற கன்டின்யூட்டி கரெக்‌ஷன்னு 91.6. ஆர்-ன்ற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கு இந்த 91.6-தான் முதல்ல வரும், ஏன்னா ரெண்டுக்கு ரெண்டு டேபிளுக்கு ஆர் தானாவே அந்த கரெக்‌ஷன போட்டுடும், பயப்படாதீங்க. சிக்னிஃபிகன்ஸ் காலத்துல பழைய வெர்ஷன்ல 0.000-னு காட்டும், அத அப்படியே பி ஈக்வல்ஸ் 0.000-னு எழுதாதீங்க ப்ளீஸ், எந்த பி வேல்யூவும் பூஜ்யமா இருக்காது, 0.001-ஐ விட கம்மின்னு எழுதுங்க. டேபிளுக்கு கீழ குட்டி எழுத்துல, எக்ஸ்பெக்டட் கவுன்ட் 5-க்கு கம்மியா எத்தன செல் இருக்குன்னு ஒரு வரி வரும், 20 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா இந்த டெஸ்ட்ட நம்பாம, சின்ன எண்ணிக்கைக்கு பொருந்துற ஃபிஷர்ஸ் எக்ஸாக்ட் டெஸ்ட் பக்கம் போங்க. நமக்கு இங்க 0 செல், பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு. சதவீதத்த வச்சு கை-ஸ்கொயர் போடவே கூடாது. 44.5, 55.5, 30.4, 69.6-னு நாலு நம்பர போட்டீங்கன்னா மொத்தம் 200 பேர்தான்னு சாஃப்ட்வேர் நெனச்சுக்கும், 92 வர வேண்டிய எடத்துல 4 கிட்ட வந்து நிக்கும். எண்ணிக்கைதான் போடணும், எப்பவுமே.

க்ரேமர்ஸ் வி பாருங்க, 0.14. கை-ஸ்கொயர் 92-னு மிரட்டுது, தொடர்போட பலம் 0.14-தான். ஏன்னா சாம்பிள் பெருசு. சாம்பிள் பெருசானா சின்ன வித்தியாசம் கூட பி வேல்யூவ கீழ தள்ளிடும். ரெண்டையும் சேத்து எழுதுங்க.

இப்பதான் மெயின் மேட்டர், இதுக்குத்தான் நான் இந்த வீடியோவே போடுறேன். அதே க்ராஸ்டாப்ஸ் பாக்ஸ திரும்ப திறங்க. ரோ, காலம் ரெண்டுக்கும் கீழ லேயர்னு ஒரு பாக்ஸ் காலியா கெடக்குது பாருங்க. வருஷக்கணக்கா எஸ்பிஎஸ்எஸ் யூஸ் பண்றவங்க கூட அதத் தொட்டிருக்க மாட்டாங்க. அதுல டிபார்ட்மென்ட்ட இழுத்துப் போடுங்க. ஓகே.

[அவுட்புட் மெதுவா ஸ்க்ரோல்]

ஏ டிபார்ட்மென்ட். பசங்க 825 பேர்ல 512 பேருக்கு சீட், 62 சதவீதம். பொண்ணுங்க 108 பேர்ல 89 பேருக்கு சீட், 82 சதவீதம். திரும்ப சொல்றேன், பொண்ணுங்களுக்கு 82! கை-ஸ்கொயர் 17.2, சிக்னிஃபிகன்ட், ஆனா பொண்ணுங்க பக்கம்!

பி டிபார்ட்மென்ட்: பசங்க 63, பொண்ணுங்க 68. சி: 37, 34. டி: 33, 35. ஈ: 28, 24. எஃப்: 6, 7. இந்த அஞ்சுல ஒண்ணுல கூட வித்தியாசம் சிக்னிஃபிகன்ட் இல்ல, எல்லா பி வேல்யூவும் 0.3-க்கு மேல. ஆறு டிபார்ட்மென்ட்ல நாலுல பொண்ணுங்க சதவீதம் பசங்கள விட கூட.

அப்ப 92.2 எங்க போச்சு? எந்த டிபார்ட்மென்ட்லயும் பொண்ணுங்களுக்கு எதிரா ஒண்ணும் சிக்னிஃபிகன்ட்டா இல்ல, மொத்தமா சேத்தா மட்டும் 44-க்கு 30. கணக்கு தப்பா? இல்ல. எல்லா நம்பரும் சரி. நானே முதல் தடவ இத பாத்தப்ப கால்குலேட்டர எடுத்து ஒவ்வொண்ணா கூட்டிப் பாத்தேன், அப்படி ஒரு விஷயம் இது.

விடை யாரு எங்க அப்ளை பண்ணாங்கன்றதுல இருக்கு. ஏ, பி ரெண்டு டிபார்ட்மென்ட்லயும் சுலபமா சீட் கெடைக்கும், ஏ-ல 64 சதவீதம் பேர் உள்ள போயிடுறாங்க. பசங்கள்ல பாதிக்கு மேல, 1385 பேர், இந்த ரெண்டுக்குத்தான் அப்ளை பண்ணியிருக்காங்க. பொண்ணுங்க? 1835 பேர்ல வெறும் 133 பேர். 7 சதவீதம்! மிச்ச பொண்ணுங்க எல்லாம் சி, டி, ஈ, எஃப் பக்கம். எஃப்-ல யாரா இருந்தாலும் நூத்துக்கு ஆறு பேர்தான் தேறுவாங்க.

இந்த டேட்டாவ ஆராய்ஞ்சு பிக்கெல், ஹேமல், ஓ'கானல்னு மூணு பேர் 1975-ல சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க. அதுல ஒரு உவமை இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது. ஒரு மீன் வலை, அதுல பெரிய கண்ணும் இருக்கு, சின்ன கண்ணும் இருக்கு. ஆண் மீன் எல்லாம் பெரிய கண்ணு வழியா போகப் பாக்குது, பெண் மீன் எல்லாம் சின்ன கண்ணு வழியா போகப் பாக்குது. அந்தப் பக்கம் போய்ச் சேந்தத எண்ணினா எல்லாமே ஆண் மீன்தான். வலை ஆணா பொண்ணான்னு பாக்கவே இல்ல, எந்த கண்ணுகிட்ட போச்சுன்றதுதான் விஷயம். எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க! நம்ம கடக்கரைல வலை பாத்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கமே வேணாம்.

இப்படி மொத்தமா பாத்தா ஒரு முடிவும், பிரிச்சுப் பாத்தா வேற முடிவும் வர்றதுக்கு சிம்சன்ஸ் பாரடாக்ஸ்னு பேரு. பல வீடியோல பெர்க்லி மேல பொண்ணுங்க கேஸ் போட்டாங்கன்னு சொல்லுவாங்க, அப்படி ஒரு கேஸே நடக்கல, யுனிவர்சிட்டி பக்கமே டேட்டாவ பாத்து கவலப்பட்டு பிக்கெல்கிட்ட போனதுதான் நடந்தது.

இங்க ஒரு விஷயத்த நான் அழுத்திச் சொல்லணும். அப்ப பாரபட்சமே இல்ல, பொண்ணுங்க தப்பான எடத்துல அப்ளை பண்ணிட்டாங்கன்னு முடிச்சா அதுவும் பெரிய தப்பு, கமெண்ட்ல யாராவது அப்படித்தான் எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஏன் 133 பேர் மட்டும் அங்க போனாங்க? மேத்ஸ் அதிகமா கேக்குற டிபார்ட்மென்ட் பக்கம் பொண்ணுங்க கம்மியா போனாங்கன்னு அந்த மூணு பேருமே எழுதியிருக்காங்க, சின்ன வயசுலேர்ந்தே வீடும் பள்ளிக்கூடமும் பொண்ணுங்கள எந்தப் பக்கம் தள்ளுதுன்னும் கேட்டிருக்காங்க. அட்மிஷன் கமிட்டி மேல இருந்த விரல் அதுக்கு ரொம்ப முன்னாடி இருந்த ஒண்ணு மேல திரும்புது. அதுக்கு பதில் கை-ஸ்கொயர்ல வராது. ரெண்டு காலத்துக்கு நடுவுல தொடர்பு இருக்கா இல்லையா, அது மட்டும்தான் அது சொல்லும். ஏன்னு சொல்றது நம்ம வேல, மூணாவது காலத்த தேடிப் பாக்கறதும் நம்ம வேல. ஆண் பெண் வச்சு ஒரு சிக்னிஃபிகன்ட் ரிசல்ட் வந்த உடனே "பாலினத்தால் பாதிக்கப்படுகிறது"னு ஒரு வரி எழுதி விட்டுடுறோம் பாருங்க, அந்த வரிய நான் எந்த தீசிஸ்ல பாத்தாலும் லேயர் போட்டு பாத்தீங்களான்னுதான் கேக்கத் தோணுது.

லேயர் போட்டாச்சு, ஆறு தனித்தனி விடை வந்துச்சு, இத ஒரே நம்பரா சொல்ல முடியாதான்னு கேட்டா, முடியும். அதே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பட்டன்ல கடைசில காக்ரன்ஸ் அண்ட் மேன்டல்-ஹேன்செல்னு ஒரு டிக் இருக்கு. டிபார்ட்மென்ட் வித்தியாசத்த கழிச்சுட்டு மிச்சம் தொடர்பு இருக்கான்னு பாக்கும். போட்டா 92.2 இருந்த எடத்துல 1.43 வருது, பி வேல்யூ 0.23. சிக்னிஃபிகன்ட் இல்ல. ஆனா இதுலயும் கவனம், எல்லா டிபார்ட்மென்ட்லயும் போக்கு ஒரே மாதிரி இருந்தாத்தான் இந்த ஒத்த நம்பருக்கு மரியாதை, இங்க ஏ மட்டும் தனியா வேற பக்கம் இழுக்குது. அதனால ஆறு வரிசையையும் டேபிளா குடுத்துட்டு அப்புறம் இந்த நம்பர குடுங்க.

எஸ்பிஎஸ்எஸ் லைசென்ஸ் இல்லாதவங்க ஜமோவி டவுன்லோட் பண்ணுங்க, ஃப்ரீ. ஃப்ரீக்வென்சீஸ் மெனுல கன்டின்ஜென்சி டேபிள்ஸ்குள்ள போனா கவுன்ட்ஸ் பாக்ஸும் லேயர்ஸ் பாக்ஸும் ஒரே ஸ்க்ரீன்லயே இருக்கு, வெயிட் கேசஸ தேடி அலைய வேணாம். ஆர் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் சுலபம், இந்த பெர்க்லி டேட்டா ஆர் கூடவே உள்ள வருது.

உங்களுக்கு ஒரு வேல குடுக்குறேன். ஏ டிபார்ட்மென்ட்டோட நாலு வரிசைய மட்டும் எடுத்துட்டு, மிச்ச அஞ்ச வச்சு மேன்டல்-ஹேன்செல் போடுங்க. என்ன நம்பர் வருது, 1.43-ஐ விட கூடுதா கொறையுதா, ஏன்னு கமெண்ட்ல எழுதுங்க. வெயிட் கேசஸ் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு ரன் பண்ணுங்க.