செவுத்துல முளைச்ச ஆலமரம்

வணக்கம் நேயர்களே. போன்சாய்னு, அதாவது தொட்டியில குட்டியா வளக்குற மரம்னு சொன்னா நிறைய பேருக்கு நர்சரியில விக்கிற, அடிவேர் கிழங்கா வீங்கின அந்தச் செடிதான் ஞாபகம் வரும், ஜின்செங் ஃபைகஸ்னு பேரு, ஆல், அரசு மாதிரி அதுவும் அத்தி வம்சம்தான், வாங்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா உங்க மொட்டமாடி கைப்பிடிச் செவுத்துலயும் சன்ஷேடுலயும் தண்ணி டேங்க் ஓரத்துலயும் காக்கா குருவி போட்ட விதையில ஆலும் அரசும் சும்மாவே முளைச்சு நிக்குதே, அத ஏங்க பிடுங்கி எறியறீங்க? இதுதான் என் பல வருஷத்துப் புலம்பல்.

முதல்ல அது அத்தி வகைதானான்னு பாக்கணும். ஒரு இலைய கிள்ளுங்க, வெள்ளையா பால் வரணும். கிளை நுனியில கூரா ஒரு மொட்டு இருக்கும், அதோட உறை கழண்டு விழுந்த இடத்துல தண்ட சுத்தி ஒரு வளையம் இருக்கும், விரலால தடவினாலே தட்டுப்படும். பாலும் வேணும், வளையமும் வேணும். பலாவுக்கும் இந்த ரெண்டும் உண்டு, ஆனா செவுத்துல பலா முளைச்சு யாரு பாத்தா! இலை நுனி வாலா நீண்டிருந்தா அரசு. அகலமா தடிப்பா நுனி மழுங்கியிருந்தா ஆல். சின்ன இலையா பளபளன்னு இருந்தா இச்சி வகையில ஏதோ ஒண்ணு, தொட்டிக்கு அதுதான் ரொம்ப தோது. அரச இலைக்குக் காம்பு நீளம், இலைய சின்னதாக்குறது கஷ்டம்.

எங்க வீட்டு டேங்க்குக்கு பிளம்பர் ஒருத்தர் வந்தார். "சார், இது டேங்க்கையே பொளந்துரும்"னு ஒரு ஆலங்கன்ன பேத்து கையில வச்சிக்கிட்டு நிக்கிறார். நான் அவர் கைய பாக்கல, வேரத்தான் பாத்தேன். செங்கல் இடுக்குல வளந்து வளந்து தோசையாட்டம் தட்டையாயிருச்சு, ஒரு பக்கம் சிமெண்ட் ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்த மாதிரி வேர நீங்க தொட்டியில வளத்து எடுக்கணும்னா எத்தன வருஷம் ஆகும்! "குடுங்கண்ணே"ன்னு வாங்கி ஒரு கருங்கல் மேல கட்டி வச்சேன், இன்னைக்கு அந்த வேரு கல்ல கவ்விப் பிடிச்சிருக்கு. அவரு இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் செவுத்துல ஏதாவது கெடச்சா எனக்கு போன் பண்றார்.

ஆலுக்கு விழுதுதான் அழகு. சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்துல 1989 புயல்ல நடு மரமே சாஞ்சிருச்சு, விழுதுங்கதான் மரத்த இன்னும் நிக்க வச்சிருக்கு. தொட்டியிலயும் விழுது வரும். மெல்லிசா எட்டிப்பாக்கும்போது ஒரு ஸ்ட்ராவ நீளவாக்குல கீறி அதச் சுத்தி மாட்டி, அடிய மண்ணுல சொருகிடுங்க, உள்ள ஈரம் காயாம நேரா இறங்கிடும்.

தொட்டி மாத்துறது தை கடைசி, மாசி பக்கம் வச்சுக்கங்க, கத்திரி வெயில்ல கை வைக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போதும். வேர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. வெட்டினா பால் வழியும், தண்ணி தெளிச்சா நிக்கும், கையில ஒட்டினத தேங்கா எண்ணெய் தடவி தொடைங்க. வெறும் தோட்டத்து மண்ணு மட்டும் ஆகாது, திரும்பவும் சொல்றேன், ஆகாது, தண்ணி தேங்கி வேர் அழுகிடும். சலிச்ச செங்கல் ஜல்லியோட மண்புழு உரம் கலந்து போடுங்க. மரம் ஆடாம கம்பியால தொட்டியோட கட்டிட்டு, ரெண்டு மூணு வாரம் நிழல்ல வைங்க.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டுறாங்க, உரத்த பத்தி ஒரே மூச்சுல சொல்லிடறேன். தொட்டி மாத்தின செடிக்குப் புது இலை விடற வரைக்கும் எதுவும் போடாதீங்க. அப்புறம் 15 நாளுக்கு ஒருக்கா கடலப் புண்ணாக்க ஊற வச்சு, நல்லா தண்ணி கலந்து ஊத்துங்க. அப்பார்ட்மென்ட் பால்கனின்னா அந்த வாடைக்கு பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க, அப்பார்ட்மென்ட்ல இருக்கிறவங்க மண்புழு உரத்தோட நிறுத்திக்கங்க. வர்றேங்க, வணக்கம்.