நெல்லையப்பன்: ஒரு பெயரின் பொருளும் அதைத் தாங்கியவரும்

(திரையில்: நெல்லையப்பர் கோயில் கோபுரம்)

திருநெல்வேலிச் சீமையில் ஆண் குழந்தைக்கு நெல்லையப்பன் என்று பெயரிடுவது, ஊரின் நடுவே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானின் பெயரையே சூட்டுவதாகும். நைவேத்தியத்துக்காக வேதபட்டர் உலரப் போட்டிருந்த நெல்லை மழைவெள்ளம் கொண்டுபோய்விடாதபடி இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்கிறது தலபுராணம். அந்த நெல்வேலியே சுருங்கி நெல்லை ஆயிற்று. அதன் அப்பன் நெல்லையப்பன். ஞானசம்பந்தர் தம் தேவாரத்தில் ‘திருநெல்வேலி உறை செல்வர்’ என்று பாடியதும் இந்த இறைவரைத்தான்.

அம்பாள் காந்திமதி, அதாவது ஒளி பொருந்தியவள். எனவே காந்திமதிநாதன் என்ற பெயரும் இதே சுவாமியையே குறிக்கும். எட்டயபுரத்தில் அப்பெயர் கொண்ட ஒருவர், ‘பாரதி சின்னப்பயல்’ என்ற ஈற்றடிக்கு வெண்பா பாடும்படி இளம் பாரதியைச் சீண்ட, அவர் ‘காந்திமதிநாதனைப் பார் அதி சின்னப்பயல்’ என்று முடித்துக்காட்டியதாகச் சொல்வார்கள்.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது இங்கே வழிவழி வந்த வழக்கம். மாமனார் பெயரை வாயால் சொல்லத் தயங்கிய மருமகள்கள், பெற்ற பிள்ளையை ‘ஐயா’ என்றே கூப்பிட்டு வளர்த்தார்கள். முழுப்பெயர் பள்ளிப் பதிவேட்டில்தான் வெளிப்படும்.

(திரையில்: ‘பரலி சு. நெல்லையப்பர்’ என்ற எழுத்துகள்)

குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று நம்மிடம் இல்லை. அந்த இடத்தைத் தந்தையின் முதலெழுத்தும், சிலருக்கு ஊரின் பெயரும் நிரப்புகின்றன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பலரும் தயங்கி நிற்கும் கட்டம் அதுதான். விடுதலைப் போராட்ட வீரர் பரலி சு. நெல்லையப்பரின் பெயரில் பரலி என்பது அவர் பிறந்த பரலிக்கோட்டை, சு. என்பது தந்தை சுப்பிரமணிய பிள்ளை. மனிதருக்கு இட்ட பெயர் ‘ன்’ விகுதியில் முடிவதே வழக்கம் என்றாலும், மக்கள் இவரை மரியாதையோடு ‘ர்’ சேர்த்தே அழைத்தார்கள். அந்த மரியாதைக்கு முற்றிலும் உரியவர் அவர் என்றே நான் கருதுகிறேன்.

1889-இல் பிறந்து 1971-இல் மறைந்த இவர், வ.உ.சி. கோவைச் சிறையில் வாடிய நாட்களில் அருகிலேயே தங்கி அவருக்குத் துணைநின்றார். பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். பாரதி இவரைத் ‘தம்பி’ என்று அழைத்து, தமிழின் நிலை குறித்த தம் ஏக்கத்தை எல்லாம் கடிதத்தில் கொட்டினார். பாரதியின் நூல்களை அச்சேற்ற ஆள் இல்லாத அந்தக் காலத்தில், 1917-இல் ‘கண்ணன் பாட்டு’ நூலைப் பதிப்பித்து வெளியிட்டவர் இந்த நெல்லையப்பரே.